மூணு கணக்கும் சரி, பணத்தை மட்டும் காணோம்

மக்களே, ஏடிஎம்ல பணம் எடுத்ததும் ஒரு சீட்டு வருமே, அதை என்ன பண்றீங்க? பாதிப் பேர் "சீட்டு வேணாம்"னு அமுக்கிடுவீங்க. மீதிப் பேர் பாக்கி எவ்வளவுன்னு மட்டும் பார்த்துட்டு அங்கயே குப்பைக்கூடையில போட்டுடுவீங்க. அந்தச் சீட்டுல ரெண்டு மூணு நம்பர் இருக்கும். யாரும் படிக்கறதில்லை. எனக்கு அந்த நம்பர்தான் சோறு போடுது. அதனால இன்னிக்கு ஆணி புராணம். பொட்டி தட்டாதவங்க ஓடிடாதீங்க. ஊர்ல அப்பா அம்மாவை விட்டுட்டு வெளியூர்ல உக்காந்திருக்கற எல்லாருக்கும் இதுல வேலை இருக்கு.

முதல்ல கொஞ்சம் ஊர்ப் பெருமை. பொறந்த ஊர் இல்லை, பொழைக்க வந்த ஊர். ஹைதராபாத்னா நம்ம ஆளுங்களுக்கு பிரியாணி, சார்மினார், ஹைடெக் சிட்டி. ஆனா மாசாப் டேங்க் பக்கம் ஐடிஆர்பிடின்னு ஒரு நிறுவனம் இருக்கு. வங்கித் தொழில்நுட்பத்துக்குன்னே ரிசர்வ் வங்கி 1996ல ஆரம்பிச்சது. 1999ல வங்கிகளுக்குன்னு தனியா இன்ஃபினெட் வலையமைப்பைக் கொண்டுவந்தாங்க. 2004 ஆகஸ்ட் 27ல தேசிய நிதிச் சுவிட்சை ஓட்ட ஆரம்பிச்சாங்க. அதுக்கு முன்னாடி சில வங்கிகள் அங்கங்க கூட்டு சேர்ந்து சின்னச் சின்ன வலை வெச்சிருந்தாங்க, அவ்வளவுதான். கூட்டுல இல்லாத வங்கி ஏடிஎம்ல நம்ம கார்டைச் சொருகினா துப்பிடும். எல்லா வங்கியும் ஒரே இடத்துல வந்து சேரலாம்னு ஆனது இந்தச் சுவிட்சாலதான். 2009 டிசம்பர் 14ல இது என்பிசிஐ கைக்குப் போயிடுச்சு. ஆனா நடக்கக் கத்துக்கிட்டது இந்த ஊர்ல.

சரி, வேற வங்கி ஏடிஎம்ல கார்டைச் சொருகினா என்ன நடக்குது? பொட்டி தன்னோட வங்கிக்குச் சொல்லும். அந்த வங்கி சுவிட்சுக்குச் சொல்லும். சுவிட்ச் உங்க வங்கியைக் கேக்கும்: இவர் கணக்குல நாலாயிரம் கழிக்கலாமா? பதில் அதே வழியில திரும்பி வரும். எல்லாம் சில செகண்டுல.

இவங்க பேசிக்கற மொழிக்குப் பேர் ஐஎஸ்ஓ 8583. முதல் பதிப்பு 1987ல வந்தது. ஒவ்வொரு தகவலுக்கும் தலையில ஒரு நாலு இலக்க நம்பர். 0200னா "பணம் வேணும்". 0210னா அதுக்குப் பதில். 0420னா "அந்தப் பணம் வெளிய வரலை, கழிச்சதைத் திருப்பிப் போடு". இதுக்கு ரிவர்சல்னு பேர். 0430னா "ரிவர்சல் கிடைச்சது, சரி". உள்ள கட்டம் கட்டமா விவரம் இருக்கும். 11வது கட்டத்துல ஆறு இலக்க டிரேஸ் நம்பர். 37வது கட்டத்துல பன்னிரண்டு இலக்க ஆர்ஆர்என். 41ல எந்தப் பொட்டிங்கற விவரம். 39ல முடிவு: 00னா ஓகே, 51னா கணக்குல பணம் இல்லை, 91னா அந்தப் பக்கம் வங்கியே எழுந்திருக்கலை.

இந்த ஆர்ஆர்என் உங்க யுபிஐலயும் இருக்கு. யாருக்காவது பணம் அனுப்பினா பன்னிரண்டு இலக்கத்துல ஒரு நம்பர் வருதில்ல, அதுதான். பெரும்பாலும் அதோட முதல் இலக்கம் வருஷத்தோட கடைசி இலக்கம், அடுத்த மூணு இலக்கம் அந்த வருஷத்துல எத்தனாவது நாள்ங்கறது. ஜனவரி 1னா 001. போனை எடுத்து ஒரு பழைய பரிவர்த்தனையைப் பாருங்க, ஜாதகம் மாதிரி இருக்கும் :-)

இப்ப என் ஆணிக்கு வர்றேன். பெரிய வங்கிகள் சொந்தமாச் சுவிட்ச் வெச்சுக்கும். சின்ன வங்கிகளுக்குக் கட்டுப்படியாகாது. அதனால நடுவுல ஒரு பாலம் வேணும். இந்தப் பக்கம் ஐஎஸ்ஓ மொழி, அந்தப் பக்கம் வங்கியோட கோர் பேங்கிங் மென்பொருள் பேசற மொழி. பாலத்தோட வேலை மொழிபெயர்ப்பு. யாரோ எப்பவோ எழுதின அப்படி ஒரு பாலம் பராமரிப்புக்காக எங்க டீமுக்கு வந்துச்சு. அந்தப் பக்கம் இருந்த வங்கி தமிழ்நாட்டுல ஒரு கூட்டுறவு வங்கி. பேர் வேணாம்.

2021 அக்டோபர். எங்க டமேஜர் தெலுங்குக்காரர். தங்கமான மனுஷன். ஒரு நாள் என் சீட்டுக்கு வந்து "மீரு தமிழ் கதா?"ன்னு கேட்டு ஒரு ஸ்கேன் பண்ணின கடுதாசியைக் காட்டினார். கோடு போட்ட காகிதத்துல நீல மையில எழுதினது. பையன் ஷார்ஜாவுல இருக்கற ஒரு அம்மா வங்கிக்கு எழுதினது. வேற வங்கி ஏடிஎம்ல நாலாயிரம் எடுக்கப் போயிருக்காங்க. மெஷின் சுத்திச்சு, கார்டு வந்துச்சு, பணம் வரலை. கணக்குல மட்டும் கழிஞ்சிடுச்சு. வங்கிக்குப் போனா, ஏட்டுல வெற்றின்னு இருக்கு, நீங்கதான் எடுத்திருக்கீங்கன்னு சொல்லிட்டாங்க. ரெண்டு மூணு தடவை நடந்திருக்காங்க. கடுதாசியில பணத்தைப் பத்தி ரெண்டு வரிதான். மீதி முழுக்க, தான் பொய் சொல்ற ஆள் இல்லைங்கறதைப் பத்தி.

அதைத் தெலுங்குலயும் இங்கிலீஷுலயும் டீமுக்குப் படிச்சுச் சொன்னேன். யாரும் எதுவும் பேசலை. எல்லாருக்கும் ஊர்ல ஒரு அம்மா இருக்காங்க இல்லையா.

விசாரிச்சா, ஏடிஎம் வச்சிருந்த வங்கியோட பொட்டி ஜர்னல்ல "நோட்டு வெளிய வரலை, ரிவர்சல் அனுப்பியாச்சு"ன்னு இருக்கு. சுவிட்ச் பக்கம் "ரிவர்சல் போச்சு, சரின்னு பதில் வந்தாச்சு, முடிஞ்சது"ன்னு இருக்கு. கோர் பேங்கிங்ல "நாலாயிரம் கழிச்சாச்சு, வெற்றி"ன்னு இருக்கு. மூணு கணக்குலயும் தப்பே இல்லை. பணத்தை மட்டும் காணோம். மாசத்துக்கு இப்படி ஏழெட்டு புகார். எல்லாம் மாச முதல் தேதியை ஒட்டி. அந்த வங்கியில செட்டில்மென்ட் கணக்கைக் கையால சரிபார்ப்பாங்க, அதுவும் தாமதமா. அதனால அவங்க கண்ணுலயும் படலை.

அப்ப தப்பு நடுவுல, எங்க பாலத்துல. பாலத்தோட லாகைத் திறந்தா காலி. ஒரு வரி கூட இல்லை.

லாக்ங்கறது புரோகிராம் தானே எழுதி வெச்சுக்கற டைரி. எவ்வளவு எழுதணும்னு நாமதான் சொல்லணும். டீபக்னு வெச்சா மூச்சு விட்டதைக் கூட எழுதும். இன்ஃபோன்னா முக்கியமான நடப்பு. வார்ன்னா சந்தேகம். எரர்னா தப்பு நடந்தா மட்டும். இதை யாரோ டிஸ்க் நிறைஞ்சிடுமேன்னு எரர்ல வெச்சிருந்தாங்க. பல இடத்துல பண்றதுதான். சிக்கல் என்னன்னா, எது தப்புன்னு புரோகிராம் நினைக்குதோ அது மட்டும்தான் எரர்ல வரும். இந்த விஷயத்துல புரோகிராமைப் பொறுத்தவரைக்கும் தப்பே நடக்கலை. எல்லாருக்கும் 00, எல்லாம் சுபம்.

சரி, டீபக்கைப் போட்டுட்டு அடுத்த முதல் தேதிக்குக் காத்திருக்கலாம்னு ஒரு யோசனை வந்துச்சு. அப்படிப் போட்டா நாலு தலைவலி.

முதல் தலைவலி, கலந்து போறது. பாலத்துல ஒரே நேரத்துல பல பரிவர்த்தனை ஓடும். டைரி ஒண்ணுதான். கல்யாண வீட்டுல பத்து பேர் ஒரே நேரத்துல கத்தறதை எழுதி வெச்சா எது யார் சொன்னதுன்னு எப்படித் தெரியும்? அதனால ஒவ்வொரு வரி முன்னாடியும் டிரேஸ் நம்பர், ஆர்ஆர்என், பொட்டி நம்பர் மூணும் தானா வர்ற மாதிரி வெச்சோம். டிரேஸ் நம்பர் மட்டும் பத்தாது, ஆறு இலக்கம்ங்கறதால சுத்திச் சுத்தி மறுபடி வரும். தகவல் ஒரு வரிசையில காத்திருந்து வேற ஒரு திரெட் கைக்குப் போகும்போது இந்த நம்பர் கூடவே போகணும். பழைய பாலத்துல அங்கதான் அறுந்துக்கிட்டு இருந்தது. கோர் பேங்கிங்குக்குக் கேள்வி போகும்போதும் அதே ஆர்ஆர்என்னைக் குறிப்பா அனுப்பி, அவங்க ஏட்டுலயும் பதிய வெச்சோம்.

ரெண்டாவது, ரகசியம். பாலத்து வழியா கார்டு நம்பர் போகுது, மறையாக்கம் பண்ணின பின் நம்பர் போகுது. டீபக்னு அப்படியே கொட்டினா லாக் ஃபைல் திருடனுக்குப் பொங்கல் சீர் மாதிரி. கார்டு நம்பர்ல முதல் ஆறு, கடைசி நாலு தவிர மீதி நட்சத்திரம். பின் சம்பந்தப்பட்ட கட்டத்தை எழுதவே கூடாது. இதை முதல்ல முடிச்சுட்டுத்தான் மத்த எல்லாம்.

மூணாவது, வேகம். தப்பு நேரக் கணக்கைச் சார்ந்திருந்தா, லாக் எழுதற தாமதத்துலயே தப்பு ஒளிஞ்சுக்கும். டாக்டர் ரூமுக்குள்ள போனதும் குழந்தைக்கு இருமல் நின்னு போற மாதிரி. அதனால எழுதற வேலையைத் தனி வரிசைக்குத் தள்ளினோம். ஃபைல் ஒரு அளவு வந்ததும் மூடிச் சுருட்டி வெச்சுட்டுப் புதுசு திறக்கும். டிஸ்க் நிறைஞ்சு பாலமே படுத்துட்டா அப்புறம் எந்த அம்மாவுக்கும் பணம் வராது.

நாலாவது, கடிகாரம். இங்க ஒரு ஹைதராபாத் சமாச்சாரம். உருதுல பர்சோன்னா முந்தாநாள். ஆனா ஹைதராபாதிக்கு நேத்துக்கு முன்னாடி நடந்தது எல்லாமே பர்சோதான். போன வாரமும் பர்சோ, போன வருஷமும் பர்சோ, கல்யாணம் ஆனதும் பர்சோ. கேக்க இனிமையா இருக்கும். லாக்ல மட்டும் ஆகாது. ஐஎஸ்ஓ தகவல்ல 7வது கட்டத்து நேரம் கிரீன்விச் கணக்கு. எங்க சர்வரும் அதேதான். கோர் பேங்கிங்கோ நம்ம இந்திய நேரம். அஞ்சரை மணி நேர வித்தியாசத்தை மனக்கணக்காப் போட்டுக்கலாம். அதுக்கும் மேல ஒண்ணு இருந்தது, அது பின்னாடி தெரிஞ்சது.

நவம்பர் 1, திங்கக்கிழமை. தீபாவளிக்கு மூணே நாள். சம்பளம், பென்ஷன் எல்லாம் வந்து எல்லா ஏடிஎம்லயும் கூட்டம். தங்கமணி ஊருக்குப் பெட்டி கட்டிக்கிட்டு இருக்காங்க, நான் பொட்டி முன்னாடி. காலையில பத்தரைக்கு ஒண்ணு மாட்டிச்சு. ஆர்ஆர்என்னை வெச்சு எல்லா வரியையும் உருவி எடுத்தோம்.

பாலத்து டைரி இப்படி இருந்தது. 10:31:05க்கு 0200 வருது. வரிசையில நிக்குது, ஏன்னா கோர் பேங்கிங் மூச்சுத் திணறிக்கிட்டு இருக்கு. 10:31:40க்கு அதே பரிவர்த்தனைக்கு 0420 வருது, பதில் வரலைன்னு அந்தப் பக்கம் ரத்து பண்ணிட்டாங்க. ரிவர்சலுக்குன்னு தனி வரிசை, அதுல கூட்டமே இல்லை. நேரா உள்ள போயிடுச்சு. கோர் பேங்கிங் தேடிப் பார்த்து "அப்படி ஒரு பரிவர்த்தனையே இங்க இல்லையே"ன்னு சொல்லுது. பாலம் அதை "திருப்பிப் போட எதுவும் இல்லை, அப்ப சரி"ன்னு மொழிபெயர்த்து 00 போட்டு 0430 அனுப்பிடுச்சு. மணி 10:31:41.

10:31:52. வரிசையில நின்ன பழைய 0200க்கு இப்ப முறை வருது. கோர் பேங்கிங் நல்ல பிள்ளையாப் பணத்தைக் கழிக்குது. வெற்றி!

அதாவது, ரத்துச் சீட்டு முன்னாடி வந்துடுச்சு, ரத்து பண்ண வேண்டியது பின்னாடி வந்துச்சு. மூணு பேரும் தங்கள் கண்ணால பார்த்ததைத்தான் எழுதியிருக்காங்க. ஒருத்தரும் பொய் சொல்லலை. அந்த அம்மாவும் சொல்லலை.

இது ஏன் இத்தனை நாள் தெரியலை? கோர் பேங்கிங் ஏட்டைப் பார்த்தா பணம் கழிச்ச நேரம் 10:31:02ன்னு இருக்கு. ரிவர்சலுக்கு முன்னாடி. அதைப் பார்க்கறவங்க எல்லாரும் "கழிச்சது முதல்ல, ரிவர்சல் அப்புறம், வரிசை சரியாத்தானே இருக்கு"ன்னு விட்டுட்டாங்க. ஆனா பாலத்துக்குக் கேள்வி வந்ததே 10:31:05க்கு. கேள்வி வர்றதுக்கு மூணு செகண்ட் முன்னாடியே பதிலா? அந்தச் சர்வரோட கடிகாரம் ஐம்பது செகண்ட் பின்னால ஓடிக்கிட்டு இருந்தது. ஐம்பதே செகண்ட். ஒரு அம்மா பொய் சொன்னாங்கன்னு ஆக அது போதுமா இருந்தது.

அடுத்த வருஷம், 2022 ஏப்ரல் 28ல, செர்ட்-இன் ஒரு உத்தரவு போட்டாங்க. கணினி கடிகாரத்தை என்ஐசி அல்லது தேசிய இயற்பியல் ஆய்வகத்தோட நேர சர்வரோட பொருத்தணும், லாகை 180 நாள் வெச்சிருக்கணும்னு. நிறையப் பேர் கூடுதல் ஆணின்னு புலம்பினாங்க. நான் புலம்பலை.

திருத்தம் பெரிசில்லை. தெரியாத பரிவர்த்தனைக்கு ரிவர்சல் வந்தா தூக்கிப் போடாம பத்திரமா எழுதி வெச்சுக்கணும். ரிவர்சலோட 90வது கட்டத்துல மூலத் தகவலோட டிரேஸ் நம்பரும் நேரமும் இருக்கும். அந்த மூலம் பின்னாடி வந்து சேர்ந்தா, கழிக்காம அங்கயே நிறுத்தணும். ரெண்டு நாள் வேலை, ரெண்டு வாரம் சோதனை.

அதுக்கப்புறம் பண்ணினதுதான் எனக்குப் பெருசாத் தெரியுது. சுவிட்ச் பக்கம் ரிவர்சல் ஆன பழைய பட்டியலையும், கோர் பேங்கிங்ல இன்னும் கழிச்சபடியே கிடந்த பட்டியலையும் ஆர்ஆர்என் வெச்சுப் பொருத்தினோம். புகார் கொடுத்தவங்க எல்லாரும் அதுல இருந்தாங்க. புகாரே கொடுக்காதவங்களும் இருந்தாங்க, அதைவிட அதிகமா. ஐநூறு, ஆயிரம், ரெண்டாயிரம். மெஷின் தின்னுடுச்சு, நம்ம நேரம்னு போனவங்க. கடுதாசி எழுதத் தெரியாதவங்களும் இருந்திருக்கலாம். பட்டியல் வங்கிக்குப் போச்சு. எல்லாருக்கும் பணம் திரும்பப் போச்சு. ஷார்ஜாக்காரர் அம்மாவுக்கும் போச்சு, தாமதத்துக்கான தொகையும் சேர்த்து.

உலகத்துல இதை இப்ப டிரேசிங்னு பெரிய பேர் வெச்சுக் கூப்பிடறாங்க. கூகுள்காரங்க 2010ல டாப்பர்னு ஒரு ஆய்வுக் கட்டுரை வெளியிட்டாங்க. ஒரு கோரிக்கை பல சர்வர் வழியாப் போகும்போது ஒரே அடையாளம் கடைசி வரைக்கும் கூடப் போகணும்ங்கறதுதான் சாரம். 2019ல ரெண்டு திட்டத்தை ஒண்ணாச் சேர்த்து ஓப்பன்டெலிமெட்ரி வந்துச்சு. 2020ல வெப்புக்கே ஒரு பொதுத் தரம் வந்துச்சு, 32 இலக்க டிரேஸ் அடையாளத்தோட. நல்ல சமாச்சாரம், நானும் பயன்படுத்தறேன். ஆனா வங்கிக்காரங்க 1987லயே 11வது கட்டம்னு ஒண்ணு ஒதுக்கி வெச்சுட்டாங்க. நம்ம தபால்காரங்க அதுக்கும் முன்னாடி. 1880ல ஆரம்பிச்ச மணியார்டர்ல, பணம் வாங்கினவங்க கையெழுத்தோட ஒரு துண்டு அனுப்பினவருக்குத் திரும்பி வருமே, அதுவும் டிரேசிங்தான். அனுப்பினது போய்ச் சேர்ந்துச்சான்னு தெரியாம தவிக்கறது வெளியூர்ல இருக்கறவனுக்குத்தான் தெரியும்.

லாக் எழுதற மென்பொருளும் சாமி இல்லை. 2021 டிசம்பர்ல லாக்4ஜெங்கற அந்த லைப்ரரியிலயே பெரிய ஓட்டை வெளிய வந்துச்சு. ஒரு வரியை லாக்ல எழுத வெச்சே சர்வருக்குள்ள புகுந்துடலாம். அந்த மாசம் யாரும் தூங்கலை. காவல்காரனுக்கும் காவல் வேணும்.

இப்ப உங்களுக்கான பகுதி. ஊர்ல இருக்கறவங்களுக்கும் சொல்லி வைங்க.

ஏடிஎம்ல பணம் வராம கணக்குல கழிஞ்சா, சீட்டைப் பத்திரமா வைங்க. சீட்டு இல்லைன்னா இடம், தேதி, நேரம், தொகை நாலையும் குறிச்சு வைங்க. வந்த எஸ்எம்எஸ்ஸை அழிக்காதீங்க. புகார் கொடுக்க வேண்டியது கார்டு கொடுத்த உங்க வங்கிகிட்ட, ஏடிஎம் யாரோடதா இருந்தாலும். ஆர்ஆர்என் இருந்தா அதைச் சொல்லுங்க. அந்த ஒரு நம்பரைச் சொல்லிட்டா எதிர்ல இருக்கறவர் உங்களை நம்பணும்ங்கற அவசியமே இல்லை, தேடிப் பார்த்தாப் போதும்.

2019 செப்டம்பர் 20ல ரிசர்வ் வங்கி போட்ட விதிப்படி, நடந்த நாள்லேர்ந்து அஞ்சு நாளுக்குள்ள வங்கி தானே பணத்தைத் திருப்பிப் போடணும். தாண்டினா நாளுக்கு 100 ரூபாய், அதுவும் நீங்க கேக்காமலே. யுபிஐல அனுப்பின பணம் போய்ச் சேரலைன்னா மறுநாளுக்குள்ள திரும்பணும், அதுக்கும் அதே 100 ரூபாய். வங்கி 30 நாள்ல பதில் சொல்லலைன்னா, இல்லை சொன்ன பதில் திருப்தியா இல்லைன்னா, ரிசர்வ் வங்கியோட ஓம்பட்ஸ்மன்கிட்டப் போகலாம். காசு கட்ட வேணாம், வக்கீல் வேணாம். புகாரைத் தள்ளிப் போடாதீங்க, லாக்கும் கேமரா பதிவும் காலம் முழுக்க இருக்காது.

இன்னொண்ணு. வங்கி நம்பரை இணையத்துல தேடி, முதல்ல வர்றதுக்குப் போன் பண்ணாதீங்க. திருடனுங்க அங்கதான் கடை போட்டிருக்காங்க. கார்டுக்குப் பின்னாடி இருக்கற நம்பருக்கே பேசுங்க. ஆர்ஆர்என் சொல்லலாம். ஓடிபி, பின் யார் கேட்டாலும் சொல்லக் கூடாது.

முக்கியமா, ஊர்லேர்ந்து அப்பாவோ அம்மாவோ போன் பண்ணி "மெஷின்ல பணம் வரலைப்பா"ன்னு சொன்னா, "சரியா அமுக்கினீங்களா?"ன்னு ஆரம்பிக்காதீங்க. எத்தனை மணிக்குன்னு கேளுங்க.

ஆணி கூப்பிடுது. வரட்டா?